கேலரி டீச்சர் பதில்கள்

மேட்ச், கச்சேரி, மைதானம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திருவல்லிக்கேணியில் வசிக்கும் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

என் அப்பாவுக்கு 76 வயது. 1986-ல் சேப்பாக்கத்தில் இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் ‘டை’ ஆனபோது கேலரியில் இருந்தவர். இன்னொரு தடவை அங்கே உட்கார்ந்து மேட்ச் பார்க்கணும் என்கிறார். முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஐ.பி.எல். மேட்ச்சுக்கு அழைத்துப்போகலாமா? – வாசகி, பெரம்பூர்

அழைத்துப்போங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஐ.பி.எல்.லுக்கு வேண்டாம், டெஸ்ட் மேட்ச்சுக்குப் போங்கள்.

காரணம் சொல்கிறேன். ஐ.பி.எல்.லில் பந்து பவுண்டரிப் பக்கம் போகும்போதெல்லாம் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர்கள் எழுந்தால் பின்னால் இருப்பவர்களும் எழ வேண்டும். முழங்கால் வலியோடு ஒருவர் எத்தனை முறை எழுந்து உட்கார முடியும்? கடைசி ஐந்து ஓவரில் யாரும் உட்காரவே மாட்டார்கள். உங்கள் அப்பாவின் கண்ணுக்கு மஞ்சள் பனியன் முதுகுகள் மட்டும்தான் தெரியும். அதோடு ராத்திரி 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 11 மணி தாண்டிவிடும். அதற்கப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வரவேண்டும்.

டெஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. காலையில் போகலாம், களைத்துப்போனால் டீ இடைவேளையோடு கிளம்பலாம், மறுநாள் தெம்பிருந்தால் திரும்ப வரலாம். 1986 ஆட்டத்தைப் பார்த்தவருக்கு வெயில் புதிதில்லை என்பது எனக்கும் தெரியும். டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன டெஸ்ட் அது. இருந்தாலும் அன்றைக்கு அவருக்கு இருந்த உடம்பு வேறு, இன்றைக்கு வேறு.

டிக்கெட் எடுக்கும்போது கீழ் அடுக்கு, ஓரத்து சீட். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல் அடுக்கிலிருந்து ஆட்டம் நன்றாகத் தெரியும், ஃபீல்டிங் எப்படி நிற்கிறது என்று படம் போட்ட மாதிரி பார்க்கலாம், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவை பாத்ரூம் போய் வரவும் செங்குத்தான படி இறங்கி ஏறணும். சர்க்கரை இருப்பவருக்கு அது ஆகாது. நடுவில் சீட் கிடைத்தால் பதினைந்து பேரின் முழங்காலைத் தாண்டி வரவேண்டும். ஓரத்து சீட் என்றால் காலை நீட்டிக்கொள்ளவும் முடியும்.

மருந்து, குளுக்கோஸ், நாலு பிஸ்கட் இவற்றை டாக்டர் சீட்டோடு ஒரே கவரில் வையுங்கள். வெளிச் சாப்பாட்டை வாசலில் நிறுத்துவார்கள். “அப்பாவுக்குச் சர்க்கரை, இது டாக்டர் சீட்டு” என்று பதற்றமில்லாமல் காட்டுங்கள். சோதனை செய்பவர் மறுத்தால் அங்கேயே அவரோடு வாதாடாமல், பக்கத்தில் நிற்கும் பெரிய அதிகாரியிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை இரண்டாவது ஆள் ஒத்துக்கொள்வார்.

போக்குவரத்துக்கு மெட்ரோதான் நல்லது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் சமதரையில் நடை. சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் இன்னும் பக்கம், ஆனால் உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேட்ச் நாளில் ஆட்டோவை போலீஸ் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், “வாசல் வரை ஆட்டோ” என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் அப்பாவுக்கு ஒரு கணம் இடம் புரியாமல் போகலாம். அவர் பார்த்த தூண்களும் கான்கிரீட் கூரையும் இப்போது இல்லை. 2011 உலகக் கோப்பையை ஒட்டி அதெல்லாம் மாறிவிட்டது. அண்ணா பெவிலியனும் இடிக்கப்பட்டு, அங்கே 2023-ல் கலைஞர் பெயரில் புது ஸ்டாண்ட் வந்திருக்கிறது. “நீங்கள் உட்கார்ந்திருந்தது எந்தப் பக்கம்?” என்று கேட்டு, அந்தப் பக்கமாக அவரை ஒரு நடை அழைத்துப்போங்கள். மேட்ச்சை விட அதுதான் அவருக்குப் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பகல் மேட்ச்சுக்கு சேப்பாக்கத்தில் எந்தப் பக்கம் நிழல்? – வாசகர், தாம்பரம்

மேற்குப் பக்கம். மத்தியானத்துக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்கிறது. கடல் பக்கத்து கேலரியில், அதாவது பறக்கும் ரயில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், அது நேராக முகத்தில்தான் விழும். கூரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். கூரை தலைக்கு மேலிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும், சாய்ந்து வருவதை மறைக்காது. முன் வரிசைகளுக்கு அதுவும் கிடையாது.

கடல் காற்று விஷயமும் ஒன்று சொல்லணும். இப்போதிருக்கும் ஸ்டாண்டுகளை 2011-ல் கட்டியபோது ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் இடைவெளி விட்டார்கள், காற்று உள்ளே வரட்டும் என்று. கூரையும் தூண் இல்லாமல் கம்பிவடத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கூரை. பழைய ஸ்டேடியத்தில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் கழுத்தை வளைத்து வளைத்து ஆட்டம் பார்த்தார்கள். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. மத்தியானம் கடல் காற்று கிளம்பியதும் இடைவெளியை ஒட்டி உட்கார்ந்தவருக்குச் சட்டை காயும். நடுவில் இருப்பவருக்கு ஈரம் ஈரமாகவே இருக்கும். ஆகையால் மேற்குப் பக்கம், இடைவெளியை ஒட்டிய பகுதி. டிக்கெட் வரைபடத்தைப் பார்த்து எடுங்கள்.

தண்ணீர் பாட்டிலைக்கூட உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் தண்ணீருக்கும் காசு கொடுக்கணுமா? – வாசகர், வியாசர்பாடி

உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது, பல வருஷமாக.

பாட்டிலைத் தடுப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் கூட்டம் பாட்டிலை மைதானத்துக்குள் எறிந்து, ஆட்டம் பாதியில் நின்று, இலங்கை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது நம் சேப்பாக்கத்திலேயே செருப்பு பறந்தது. அந்த சீசனின் மீதி சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. எறியக்கூடிய பொருளை வாசலில் நிறுத்துவது நியாயம்தான்.

ஆனால் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்பவர், உள்ளே தண்ணீர் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாகணும். ஓரிடத்தில் ஒரு கேன் வைத்துவிட்டு, அதற்குக் காகித டம்ளர் இல்லாமல் விடுவது தண்ணீர் கொடுத்ததாகாது. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்களே, அது மே மாதமில்லை. அக்டோபர் வெயில்தான், நடுப்பகல்தான். இந்த ஊரின் வெக்கையில், கடலோரப் புழுக்கத்தில், வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. தண்ணீரும் இல்லையென்றால் அரை மணியில் ஆள் சாய்ந்துவிடுவார். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் அணிவகுப்பில் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவதை வருஷாவருஷம் பார்த்தவள் நான். விழுவதற்கு முன்னால் முகம் வெளுக்கும், பேச்சு குளறும், சிலருக்கு வியர்வையும் நின்றுபோகும். பக்கத்து சீட்டில் யாருக்காவது இப்படிக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வையுங்கள். 108-க்கு ஒருவர் போன் பண்ணட்டும், இன்னொருவர் ஸ்டேடியத்து முதலுதவி ஆட்களைக் கூப்பிடட்டும்.

தண்ணீர் இல்லாவிட்டால் முணுமுணுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்டாண்ட் பெயர், நேரம், ஒரு போட்டோ. இந்த மூன்றோடு மறுநாளே நடத்தியவர்களுக்கு எழுதுங்கள். நான் எழுதியதற்கு ஒரு தடவை பதில் வந்தது, அடுத்த ஆட்டத்தில் அந்த மூலைக்கு இரண்டாவது கேனும் வந்தது.

என் மகளுக்கு 17 வயது. தோழிகளோடு பெரிய இசை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள். 2023-ல் பனையூரில் நடந்ததை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அனுப்பலாமா? – வாசகி, மேற்கு மாம்பலம்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த செப்டம்பர் ராத்திரி டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை நின்றுபோனது, கூட்டத்துக்குள் தங்களுக்கு நேர்ந்த அசிங்கமான தொந்தரவைப் பெண்கள் பலர் பின்னால் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு எந்த அம்மா தூங்குவாள்?

ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். பெண் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அனுப்பாமல் வைத்தால் கூட்டம் ஆண்களுடையதாகவே இருந்துவிடும். அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பாடுபவர் யார் என்பதை விட எங்கே பாடுகிறார் என்பது முக்கியம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், பெரியமேடு நேரு ஸ்டேடியம் மாதிரி ஊருக்குள் இருந்தால் மெட்ரோ உண்டு, பஸ் உண்டு, நாலு பக்கமும் தெரு உண்டு. கடற்கரைச் சாலையில் ஊரைத் தாண்டி என்றால் போகவும் வரவும் ஒரே ரோடு. எல்லோரும் கார், பைக்கில்தான் வருவார்கள். ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முதல் தடவை போகும் பிள்ளையை ஊருக்குள் நடப்பதற்கு அனுப்புங்கள்.

டிக்கெட்டில் நிற்கும் இடமா, உட்காரும் இடமா என்று பாருங்கள். மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் பகுதிக்கு இந்தத் தடவை வேண்டாம். எண் போட்ட நாற்காலி இருந்தால் அதுதான் வேண்டும். எண் இல்லாமல் “முதலில் வருபவருக்கு முதலிடம்” என்றால் வாசல் திறக்கும்போதே நெரிசல் ஆரம்பமாகிவிடும்.

போய்ச் சேர்ந்ததும் அவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், வெளியே போக எத்தனை வழி என்று பார்ப்பது. உள்ளே வந்த வாசல்தான் வெளியே போகவும் என்று எல்லோரும் நினைப்பதால்தான் அந்த ஒரு வாசலில் நசுங்குகிறார்கள். அடுத்தது, பிரிந்துவிட்டால் சேரும் இடம். “கேட் பக்கத்தில்” என்று சொல்லாமல், இந்தத் தூண், இந்த டீக்கடை என்று குறிப்பாகப் பேசி வைக்கட்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும்போது போனில் சிக்னல் கிடைக்காது. அதனால் உங்கள் நம்பரை ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அம்மா நம்பரே மனப்பாடமில்லை.

நெரிசல் பற்றி அவளுக்கு நேராகச் சொல்லிக்கொடுங்கள், மூடி மறைக்க வேண்டாம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் 11 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவு பெரும்பாலும் மிதிபட்டு வருவதில்லை. எல்லாப் பக்கமும் உடம்புகள் நெருக்கி, மூச்சு இழுக்க மார்பு விரிய இடமில்லாமல் போவதால் வருகிறது. ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது, கூட்டம் தள்ளிய பக்கம்தான் போவோம். தோள் இரண்டும் இரண்டு பேர் மேல் உரச ஆரம்பித்தாலே அது எச்சரிக்கை. அப்போதே, இடம் இருக்கும்போதே, விலகணும். இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் போல மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல், அலை சற்று ஓயும்போது ஓரமாகச் சாய்வாக நகரணும். செருப்பு கழன்றால் குனியக் கூடாது. போன் விழுந்தாலும் குனியக் கூடாது. இதை வீட்டிலேயே நிற்க வைத்து ஒரு தடவை செய்து காட்டுங்கள். என் மாணவிகளைப் போட்டிக்கு அழைத்துப்போகும் முன்னால் நான் அப்படித்தான் செய்வேன்.

யாராவது கை வைத்தால் சத்தம் போடட்டும். “கையை எடு” என்று உரக்க. சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். பெண்கள் உதவிக்கு 181, போலீஸுக்கு 112. ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகவே பாத்ரூம் போகட்டும். அப்புறம், நிகழ்ச்சி முடியும்போது முண்டியடிக்க வேண்டாம். கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பலாம், இல்லையென்றால் எல்லோரும் போனபின் இருபது நிமிஷம் கழித்துக் கிளம்பலாம். நடுவில் மட்டும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும், என்ன நடந்தது என்று விசாரிப்பதற்கு முன்னால், என்ன பாட்டு பாடினார்கள் என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்வாள்.

திறந்தவெளிக் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்தால் ஒரே வரி இரண்டு தடவை கேட்கிறது. என் காது கோளாறா? – வாசகர், அண்ணா நகர்

காது நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அங்கிருந்து வரும் சத்தம் உங்களை அடைய விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகும். பின்னால் இருப்பவர்களுக்காக நடுவில் நிறுத்தியிருக்கும் ஸ்பீக்கர் உங்களுக்குப் பக்கம். அதிலிருந்து உடனே வந்துவிடும். நல்ல சவுண்ட் இன்ஜினியர் அந்த நடு ஸ்பீக்கரைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி இரண்டையும் ஒன்றாக்குவார். செய்யாவிட்டால் பல்லவி இரட்டிக்கும். நேரு உள்விளையாட்டு அரங்கம் மாதிரி மூடிய இடத்தில் சிக்கல் வேறு. அது விளையாட்டுக்காகக் கட்டியது, சபா மண்டபம் இல்லை. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் சத்தத்தில் பாட்டின் சொற்கள் கரைந்துவிடும்.

எங்கே போனாலும் சவுண்ட் இன்ஜினியர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். அவர் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் திருகுகிறார். அவருக்குப் பக்கத்து வரிசைகளில் டிக்கெட் கிடைத்தால், மேடைக்கு முன்னால் இருக்கும் விலை உயர்ந்த சீட்டை விட அங்கே நன்றாகக் கேட்கும்.

இன்னொன்று. திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதி இருக்கிறது. தாமதமாகத் தொடங்கும் கச்சேரியில் கடைசிப் பாட்டுகள் காணாமல் போவதற்கு இதுவும் காரணம். அதனால் வாழ்த்துரை, பொன்னாடை எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளச் சொல்லி நடத்துபவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கறுப்பில் விற்கும் டிக்கெட்டை வாங்கலாமா? – வாசகர், ராயபுரம்

வேண்டாம். இப்போதைய டிக்கெட் போனில் வரும் ஒரு சதுரக் கட்டம். அதைப் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு விற்கலாம். வாசலில் முதலில் காட்டியவர் உள்ளே போவார், மீதி ஒன்பது பேர் வெளியே நிற்பார்கள். இதை நான் சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் பட்டாபிராமன் வாசலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருந்த பையன் ஒருவன் போனை மறுபடி மறுபடி அந்த மெஷினில் வைத்துக்கொண்டே இருந்தான். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. யாரையும் திட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். டி.வி.யில்தான் பார்க்கணும் என்று விதியா? – வாசகர், கொளத்தூர்

இல்லை தம்பி, அப்படி ஒரு விதியும் இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டு, பொழுதுபோக்கு இரண்டிலும் உங்களுக்குச் சம பங்கு உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை எல்லோரும் போய்வரும்படி மாற்ற ஐந்து வருஷக் கெடுவும் கொடுத்தது. விதிகள் 2017-ல் வந்தன. கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகையால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

கேட்கும்போது “சக்கர நாற்காலிக்கு இடம் உண்டா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “உண்டு” என்று சொல்லிவிடுவார்கள், போனால் மூன்று படி இருக்கும். எந்த கேட், அங்கே சாய்தளம் இருக்கிறதா, அந்த இடத்திலிருந்து பாத்ரூமுக்குப் படி இல்லாமல் போக முடியுமா, முன்னால் இருப்பவர் எழுந்தாலும் எனக்கு ஆட்டம் தெரியுமா, துணைக்கு வருபவர் பக்கத்திலேயே உட்காரலாமா. இந்த ஐந்தையும் மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் எடுத்துப்போங்கள். வாசலில் நிற்கும் பையனுக்கு எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்தத் தாள்தான் அவரிடம் பேசும்.

“கட்டடம் பழசு, என்ன செய்ய?” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2022 நவம்பரில் மெரினா மணலில் அலைக்குப் பக்கம் வரை மரப் பாதை போட்டார்கள். கடல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களின் முகத்தை நான் பார்த்தேன். மணலில் செய்ய முடிந்ததைக் கான்கிரீட்டில் செய்ய முடியாதா? உங்களுக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள், இந்தப் பகுதியிலேயே போடச் சொல்கிறேன்.

சென்னை ரசிகர்கள் விளையாட்டு தெரிந்தவர்கள் என்று பெருமை பேசுகிறோமே, இப்போதும் அது உண்மையா? – வாசகர், கும்பகோணம்

1999 ஜனவரி 31. பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாம் நாள். ஜெயிக்க 271. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் வேண்டும். மீதி விக்கெட்டுகள் மளமளவென்று சாய, 12 ரன்னில் தோற்றோம். அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், கேலரி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. நான் அங்கே இருந்தேன். என் பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். டிபன் பாக்ஸை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும்.

இப்போதும் உண்மையா என்றால், கிரிக்கெட்டில் உண்மை. மற்ற விளையாட்டுகளில் நாம் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். ஹாக்கியில் மலேசியாவிடம் 3–1 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4–3 என்று ஜெயித்தது. அன்றைக்கு அந்தச் சின்ன ஸ்டேடியம் போட்ட சத்தம் சேப்பாக்கத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் அதே மைதானத்தில் உள்ளூர் லீக் நடக்கும்போது பாருங்கள், ஆடுகிறவர்களின் வீட்டாரும் நாலு பழைய ஆட்டக்காரர்களும்தான் இருப்பார்கள். பெண்கள் கிரிக்கெட்டும் அப்படித்தான். 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205 அடித்து, இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்தது. பெண்கள் டெஸ்ட்டில் அதுவரை எந்த அணியும் எடுக்காத ஸ்கோர். எத்தனை பேர் போனீர்கள்? என் பழைய மாணவிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன், எங்களைச் சுற்றி வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறு வயதுப் பையனை முதல் தடவையாக எங்கே அழைத்துப்போகலாம்? – வாசகி, வேளச்சேரி

எழும்பூர் ஹாக்கிக்கு. ஆட்டம் ஒரு மணி நேரம்தான், நாலு கால்பகுதியாக, நடுவில் இடைவேளை. அந்த வயதுப் பிள்ளை அதற்கு மேல் உட்காராது. மைதானம் பக்கத்திலேயே இருக்கும். பந்து மட்டையில் பட்டு ‘டொக்’ என்று கேட்கும், தண்ணீர் தெளித்த நீல டர்ஃபில் பந்து போகும் வழியில் நீர் சிதறுவதுகூடக் கண்ணுக்குத் தெரியும். டி.வி.யில் இது எதுவும் கிடைக்காது. ஐ.பி.எல். ஸ்பீக்கர் சத்தம் அந்தக் காதுக்கு இப்போது வேண்டாம். சட்டைப்பையில் உங்கள் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று போட்டுவிடுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள். ஹாக்கி பார்க்க வருகிறவர்கள் சொல்லிக்கொடுக்கக் காத்திருப்பார்கள்.

மேட்ச் முடிந்து ராத்திரி வீடு திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நீங்கள் எப்படித் திரும்புகிறீர்கள்? – வாசகர், குரோம்பேட்டை

என் வீடு நடக்கும் தூரம், அதனால் என்னைப் பார்த்து நீங்கள் செய்ய வேண்டாம். உங்களுக்கு வழி இது: மெட்ரோவில் மீனம்பாக்கமோ விமான நிலையமோ வரை வந்து, அங்கிருந்து பஸ். ஐ.பி.எல். நாட்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவிலோ மாநகரப் பேருந்திலோ இலவசமாகப் போகலாம் என்று சில சீசன்களில் ஏற்பாடு இருந்தது. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். கடைசி ரயில் நேரத்தையும் மேட்ச் நாளில் நீட்டுவார்கள். அதுவும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே போனில் எடுத்துவிட்டால் ஸ்டேஷனில் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பரிசளிப்பு முடிந்தவுடன் ஓடாமல் கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்காருங்கள். முதல் கூட்டம் வாலாஜா சாலையைத் தாண்டியபின் கிளம்பினால் ரயிலில் நிற்கவாவது இடம் கிடைக்கும். போனில் சார்ஜ் இருபதுக்குக் கீழே போனால் வீடியோ எடுப்பதை நிறுத்திவிடுங்கள், டிக்கெட் அதில்தான் இருக்கிறது.